சங்கம் தின்ற இட்லி

அடுப்படியில் நின்றே வீங்கிப்போன முழங்காலோடு இட்லிக்கடை மாதம்மாள் மொரப்பூர் கல்யாண மண்டபத்துப் படியேறினாள். உள்ளே அகில இந்தியத் தொழிற்சங்கச் சம்மேளனம் ஒன்றின் வரலாற்று நூல் வெளியீடு. மாவட்டச் செயலாளர் பூபதி மைக்கில் வாசித்தார்.

"சுமைப்பணித் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது மொரப்பூர் மக்கள் தோழர்களுக்கு அன்போடு உணவளித்தனர்."

"அன்போட இல்லீங்க, கடனுக்கு!" என்றாள் மாதம்மாள்.

பூபதி மைக்கைப் பொத்திக்கொண்டார். "அதைத் தின்னது அப்புறம் சங்கத்த விட்டுப் பிரிஞ்சு போன கோஷ்டிங்க ஆயா. அவங்களப் போய்க் கேளுங்க."

"அவனுங்க உங்களக் கேக்கச் சொல்றானுங்க. போராட்டம் மட்டும் உங்களுது, இட்லி அவங்களுதா?"

பதிலுக்கு அவள் தோளில் ஒரு மலிவுப் பொன்னாடையைப் போர்த்திவிட்டுக் கைதட்டினார்கள். பூபதி அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

மாதம்மாளின் கடைக்குச் சம்மேளனம் தரவேண்டிய எட்டாயிரம் ரூபாய் இன்னும் பாக்கி.