பத்தாம் வகுப்பு அ பிரிவின் தற்போதைய இருப்பிடம்

பத்தாம் வகுப்பு அ பிரிவின் அறை இப்போது பேருந்து நிலையத்துக்குப் பின்புறம், கட்டணக் கழிப்பறைக்கும் குளத்துக்கும் நடுவே இருக்கிறது. ஜனவரி பத்தாம் தேதி வரை அது பள்ளிக்குள் நூலகத்தை ஒட்டி இருந்தது. வேலை நாளுக்கு இருபது அடி வீதம் நகர்ந்து இங்கே வந்திருக்கிறது. ஒவ்வொரு நகர்வுக்கும் தீர்மானம் உண்டு. தீர்மானங்களை எழுதியவன் நான். மாணவர் நலக் குழுவின் செயலாளர். தமிழாசிரியன் என்பதால் எழுத்து வேலை என்று எது வந்தாலும் என் மேசைக்குத்தான் வரும்.

அறை நகரக் காரணம் இசக்கிராணி. அவள் அறைக்கு வெளியே நிற்கிறாள். எங்கள் பள்ளியின் நலக் கொள்கைப்படி மாணவர் வகுப்புக்குள் வராவிட்டால் வகுப்பு மாணவரிடம் போக வேண்டும். எனவே தினமும் காலை வழிபாடு முடிந்ததும் தீர்மானத்தை உரக்க வாசிப்பேன். அறை இருபது அடி நகர்ந்து அவளைத் தனக்குள் எடுத்துக்கொள்ளும். அவள் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு, சுவர் நின்ற இடத்திலிருந்து இரண்டு எட்டு வெளியே போய் நின்றுகொள்வாள். மாலை மணி அடித்ததும் வீட்டுக்குப் போவாள். மறுநாள் காலை, அறை எங்கே இருக்கிறதோ அதற்கு வெளியே வந்து நிற்பாள்.

இதைப் பிடிவாதம் என்று சொல்ல முடியாது. நடத்தை விதிகளின் நான்காம் பத்தி, ஆசிரியர் இட்ட கட்டளை அதே ஆசிரியர் விலக்கிக்கொள்ளும் வரை செல்லும் என்கிறது. பள்ளியில் அந்தப் பத்தியை வாசித்தவர்கள் இரண்டே பேர். எழுதியவன் என்ற முறையில் நான், கீழ்ப்படிகிறவள் என்ற முறையில் அவள். இந்த ஆண்டின் நன்னடத்தை விருதும் அவளுக்குத்தான். ஜன்னல் வழியாகக் கொடுத்தோம்.

ஜனவரி எட்டாம் தேதி ஐந்தாவது பாடவேளையில் அவளை வெளியே போகச் சொன்னவன் நான். சாக்பீஸ் மூன்றாவது முறை உடைந்தபோது வகுப்பே சிரித்தது. அவள் சிரிப்பு மற்றவர்களுடையதைவிட ஒரு விநாடி நீண்டுவிட்டது. "வெளிய போய் நில்லு" என்றேன். மணி அடித்தது. நான் போய்த் தேநீர் குடித்தேன்.

அழைத்திருக்கலாம். ஆனால் பத்தாம் தேதி மேலிடத்துச் சுற்றறிக்கை வந்தது. எந்த மாணவரையும் வகுப்புக்கு வெளியே நிறுத்தக் கூடாது, நிறுத்திய ஆசிரியர் விளக்கம் அளிக்க வேண்டும், விவரத்தை உடனே அனுப்புக. 'எங்கள் பள்ளியில் அவ்வாறு எவரும் நிறுத்தப்படவில்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதி அனுப்பினேன். அதன் பிறகு அவளை உள்ளே அழைத்தால், வெளியே அனுப்பப்பட்டிருந்தாள் என்று ஆகிவிடும். அனுப்பப்படாத ஒருத்தியை அழைக்க வழியில்லை. நகர்த்தத்தான் முடியும்.

நகர்த்தினோம். அறை சைக்கிள் நிறுத்தத்தைத் தாண்டியது. மதில் வழிவிட்டது. நெடுஞ்சாலையைக் கடக்க மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் நாகர்கோவில் போகும் பேருந்துகள் கரும்பலகைக்கு முன்னால் வேகம் குறைத்துச் சென்றன. நான் அசைபிரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

பேருந்து நிலையத்தில் அய்யாக்குட்டியின் கடலை வண்டி அறைக்குள் வந்துவிட்டது. உள்ளே வந்தவரை வெளியே அனுப்பக் கூடாதே. வண்டி கடைசி பெஞ்சை ஒட்டி நிற்கிறது. திருப்புதல் தேர்வில் அவர் தமிழில் முப்பத்தொன்று எடுத்தார். நான்கு மதிப்பெண் கூட்டிப் போட்டால் தேறிவிடுவேன் என்று தினமும் கேட்கிறார். எழுத்து திருந்தட்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அறை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போயிருக்கலாம். ஆனால் பொதுத்தேர்வுக்கான வருகைப் பட்டியலை வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் ஏற்ற வேண்டும். இசக்கிராணிக்கு அரை நாள் வருகை குறைந்தது. அறைக்குள் அரை நாள் இருந்தால் தேர்வெழுதலாம், இல்லையென்றால் இல்லை. வேறு கணக்கு கிடையாது.

வெள்ளிக்கிழமை மதியம் அவளுடைய அம்மா வெயிலுகந்தாள் வந்தார். பீடி சுற்றும் தட்டை இடுப்பில் இடுக்கியபடியே வந்திருந்தார்.

"ஏட்டி, ரெண்டு எட்டு வச்சு உள்ள போனா உன் காலு என்ன தேஞ்சா போவும்?"

"சார் கூப்பிடணும்மா."

"எந்த சாரு?"

இசக்கிராணி என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவள் கொஞ்சம் சிரமப்பட்டாள்.

"அப்படி எந்த சாரும் அனுப்பலைன்னு எழுதிக் குடுத்திருக்காங்கம்மா. அதனால நானும் சொல்லக் கூடாது."

வெயிலுகந்தாள் என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சவுக. இதுக்கு ஒரு வழி சொல்லுங்க சார். நர்சுக்குப் படிக்கணும்னு எட்டாங்கிளாசுலேருந்து சொல்லிக்கிட்டுக் கெடக்கா. பத்தாவது எழுதலன்னா எங்கூட ஒக்காந்து இலை வெட்ட வேண்டியதுதான்."

தலைமையாசிரியை சகாயமேரி குழுவை அவசரமாகக் கூட்டினார். குழு என்பது அவரும் நானும். கடலை வண்டியின் பக்கத்தில் நின்றபடி கூட்டம் நடந்தது.

"இன்னிக்கு ரெண்டாவது தடவையும் நகர்த்துவோம். சுவர் அவளத் தாண்டுற நேரத்துல பேரக் கூப்பிடுங்க. 'உள்ளேன் ஐயா'ன்னு சொல்லிட்டான்னா டிக் பண்ணிருங்க."

"அவ வெளிய வந்து நிக்காம வாயத் திறக்க மாட்டா மேடம். மொதல் வாரமே பண்ணிப் பார்த்தாச்சு."

"இருபதடி நகர்த்தினா அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"குளம்."

சகாயமேரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீச்சல் தெரியுமான்னு கேளுங்க."

கேட்டேன். தெரியாது என்றாள். குளத்தில் ஆகாயத்தாமரை நிறைந்திருந்தது. ஓரத்திலேயே ஆளை முழுங்கும் ஆழம்.

"தீர்மானம் வாசிச்சீங்கன்னா போய் நிப்பேன் சார்" என்றாள். "பைய மட்டும் அம்மாகிட்ட குடுத்துக்கிடட்டுமா?"

"சார், சட்டுனு எதாவது பண்ணுங்க" என்றார் அய்யாக்குட்டி. "புள்ள தண்ணியில நிக்கது நல்லாவா இருக்கு? நாலு மார்க்குதான் போட மாட்டேங்கீக."

மணி மூன்றேகால். முப்பத்துநாலாம் தீர்மானம் என் கையில் இருந்தது. நகர்வு, இருபது அடி, கிழக்கு. பிழையில்லாமல் எழுதியிருந்தேன். வாசிக்க வாயைத் திறந்தேன். இசக்கிராணி செருப்பைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து ஓரமாக வைத்தாள். அப்படி ஒழுங்காக வைப்பதற்கு ஒரு அவசியமும் இல்லை.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

"இசக்கிராணி" என்றேன். "ஜனவரி எட்டாம் தேதி உன்ன வெளிய அனுப்பினது நான். அப்புறம் கூப்பிடவே இல்ல. உள்ள வா."

"ஓகோ" என்றார் சகாயமேரி. "அப்ப விளக்கம் எழுதணும்."

"எழுதறேன் மேடம்."

இசக்கிராணி செருப்பை மாட்டிக்கொண்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். முன்வரிசை, ஜன்னலோரம். பெயரைக் கூப்பிட்டேன். "உள்ளேன் ஐயா" என்றாள். அரை நாள் போட்டேன். சகாயமேரி அங்கேயே நின்று கைப்பேசியில் பட்டியலை ஏற்றினார். மணி மூன்று நாற்பது. வெயிலுகந்தாள் வாசல்படியிலேயே உட்கார்ந்து அழுதார். பிறகு தட்டை மடியில் வைத்துச் சுற்ற ஆரம்பித்தார்.

கதவைச் சாத்தப் போனேன். வெளியே ஒரு கண்டக்டர் நின்றார். காக்கிச் சட்டை, தோளில் பை.

"சார், சுடலைமுத்து. தொண்ணூத்தெட்டு ஆகஸ்டு, ஒம்பதாப்பு. நானும் வரலாமா?"

"எதுக்கு அனுப்பினேன்?"

"கொட்டாவி சார்."

"வா."

அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. வளையல் கடை வைத்திருக்கும் பெண், ஒரு வக்கீல், கைக்குழந்தையோடு ஒரு தாய், கட்டணக் கழிப்பறையில் சீட்டு கிழிப்பவர், இரண்டு போலீஸ்காரர்கள். போலீஸ்காரர்களை ஒரே நாளில் சேர்த்து அனுப்பியிருந்தேனாம். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்தேன். சில பெயர்கள் மறந்துபோயிருந்தன. அவர்கள் எடுத்துக்கொடுத்தார்கள். முப்பத்தொரு பேர். பெஞ்சுக்கு மூன்று பேர் என்பதை ஐந்து பேர் ஆக்கினோம். தரையிலும் உட்கார்ந்தார்கள். வக்கீல் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பதிவேட்டில் இடம் போதாமல் ஓரத்தில் எழுதினேன். குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்றார்கள். ஒரு கட்டத்தைக் காலியாக விட்டேன்.

"எல்லாரும் ஒக்காந்தாச்சா?" என்றார் சுடலைமுத்து. அவர் மட்டும் கதவருகே கம்பியைப் பிடித்து நின்றார். "உள்ள போங்க, உள்ள போங்க. வழிய விட்டு ஒக்காருங்க."

பிறகு பையிலிருந்து விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினார்.

அறை பின்வாங்கி, திரும்பி, பேருந்து நிலையத்தின் மேற்கு வாசல் வழியாக வெளியே வந்தது. வள்ளியூருக்குச் சாலை பிரியும் விலக்கில் திரும்பும்போது அய்யாக்குட்டியின் வண்டிச் சக்கரத்துக்கு ஒரு கல் முட்டுக் கொடுத்தோம். சகாயமேரி கைப்பையைத் திறந்து, டிக்கெட்டுக்குச் சில்லறையாக வைத்திருக்கிறேன் என்றார் சுடலைமுத்துவிடம். நான் பக்கம் எழுபத்திரண்டைத் திறக்கச் சொன்னேன்.