வீட்டுக்காரப் புரதம்

அன்று பகல் கருத்தரங்கக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: புரதத்தைப் பிரித்தெடுத்துப் படிகமாக்கிய அண்ணன், அதன் வடிவத்தைக் கணினியில் கட்டிய தங்கை, மகன் மேடை ஏறுவதைப் பார்க்க வந்த அம்மா, துறைத்தலைவர், வெளியூர் நிறுவனத்திலிருந்து வந்திருந்த மூத்த விஞ்ஞானி. எதையும் சலித்துப் பார்க்காமல் விடமாட்டார் என்பதால் முதுகுக்குப் பின்னால் இந்த விஞ்ஞானிக்குச் சல்லடை என்று பெயர். பின்வரிசையில் மாணவர்கள், பாதிப் பேர் வாயில் பிஸ்கட்டோடு. பிற்பாடு அதிகம் பேசியவர்களும் அவர்கள்தான்.

தங்கைதான் கடைசியாக உள்ளே வந்தாள். மேல்மாடி அறையில் கணினியை அணைக்காமல், கதவைக்கூடச் சாத்தாமல் ஓடி வந்திருந்தாள்.

பாக்டீரியாவுக்கும் வைரஸ் தொல்லை உண்டு. தாக்குதலில் பிழைத்த பாக்டீரியா, வந்த வைரஸின் மரபுச்சரத்தில் ஒரு துண்டை நறுக்கித் தன் சரத்திலேயே செருகி வைத்துக்கொள்ளும். அதே வைரஸ் மறுபடி வந்தால் அடையாளம் கண்டு வெட்டுவதற்காக. கிரிஸ்பர் என்னும் அந்தக் காவலில், எதிரில் இருப்பது சொந்தமா அயலா என்று பார்க்கிற புரதம் ஒன்று உண்டு. அதன் வடிவத்தை யாரும் கண்டதில்லை. அண்ணன் கண்டுவிட்டான் என்பதுதான் அன்றைய கூட்டத்தின் செய்தி. அதைக் கேட்டுவிட்டுத்தான் அவன் ஆய்வகத்தை நீட்டிப்பதா மூடுவதா என்று தலைவர் முடிவெடுப்பார்.

முதல் படிகம் கொடுத்த எக்ஸ்ரே படம் கலங்கல். புரதத்தின் முதுகெலும்பு எப்படி வளைகிறது என்பது மட்டும் தெரிந்தது, அழகான வளையம். அதை வைத்தே அண்ணன் பேச்சைத் தயார் செய்திருந்தான். புதுப் படிகத்தின் படம் அன்று காலைதான் வந்தது. கண்ணாடி துடைத்த மாதிரி தெளிவு. அந்தப் படம் திரையில் நீல வலையாக விரிய, அதற்குள் புரதத்தின் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டே போன தங்கை ஓரிடத்தில் நின்றாள். தேடிய புரதத்தின் அமில வரிசைப்படி அங்கே இருக்க வேண்டியது கிளைசின். அமினோ அமிலங்களில் இருப்பதிலேயே சின்னது, பக்கவாட்டில் எதையும் நீட்டாதது. வலையிலோ அகலமாக, தட்டையாக, இரட்டை வளையத்தோடு டிரிப்டோஃபேன் என்னும் பெரிய அமிலம் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது.

வரிசையை ஒரு இடம் தள்ளிப் பார்த்தாள். இரண்டு இடம் தள்ளினாள். எங்குமே பொருந்தவில்லை. கடைசியில் நம் வரிசையே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, வலை சொல்வதை மட்டும் அமிலத்துக்கு ஓர் எழுத்தாகப் படித்து, தெரிந்த புரதங்களின் தரவுத்தளத்தில் தேடினாள். பதில் வந்தது.

அது அவர்கள் தேடிய புரதமே இல்லை. புரதத்தை வளர்க்க அவர்கள் பயன்படுத்திய பாக்டீரியாவின் சொந்தச் சரக்கு. தேடும் புரதத்துக்கு ஒரு வால் தைத்து, அந்த வாலை நிக்கல் மணிகளில் ஒட்டவைத்து, மற்றதையெல்லாம் கழுவிவிடுவது வழக்கம். வாலே இல்லாத இந்த ஆசாமி இயல்பிலேயே நிக்கலோடு ஒட்டுகிற குணம் உள்ளவன். கூட்டத்தோடு கூட்டமாக வந்து, தேடியவன் படிகமாகாதபோது தான் படிகமாகிவிட்டான். சொந்தத்தையும் அயலையும் பிரித்தறியும் புரதத்தைத் தேடிப் போனவர்கள், வீட்டுக்காரனுக்கே விருந்தாளி என்று மாலை போட்டிருந்தார்கள்.

அப்போதுதான் அவளுக்கு முதல் படிகம் கிடைத்த நாளில் நடந்த பேச்சு ஞாபகம் வந்தது. எந்தப் படிகமும் ஒரே மாதிரியான சின்னப் பெட்டிகளின் அடுக்கு; அந்தப் பெட்டிக்கு ஓர் அளவு உண்டு. அதை ஏற்கெனவே தெரிந்த படிகங்களோடு ஒப்பிட்டால் பழைய முகங்கள் உடனே பிடிபட்டுவிடும். "அளவு பார்த்தியாண்ணா?" என்று அவள் கேட்டிருந்தாள். "பார்த்தாச்சு" என்றான். அளந்து பார்த்தாச்சு என்று அவன் சொன்னான். ஒப்பிட்டுப் பார்த்தாச்சு என்று இவள் எடுத்துக்கொண்டாள். அந்நியரிடமாக இருந்தால் இன்னொரு கேள்வி கேட்டிருப்பாள். அண்ணன் என்பதால் கேட்கவில்லை.

மேடை ஓரத்தில் அம்மா அவன் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"வாடி, இப்பவாவது வந்தியே. ஏன் மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. அண்ணா, கொஞ்சம் இப்படி வா."

"என்ன, படத்துல எழுத்துப்பிழையா? சல்லடைக்கும் சலிக்க ஏதாவது வேணும்ல, விடு."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "நம்ம புரதம் இல்லண்ணா அது."

"எது?"

"வளையம். வளர்த்த பாக்டீரியாவோடது. நிக்கல்ல ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. வரிசை முழுக்கப் பொருந்துது, ஒரு எழுத்து பாக்கியில்லாம."

அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. கண் மட்டும் மாறியது. "அளவு பார்த்தோமே?"

"நீ அளந்தே. யாரும் ஒப்பிட்டுப் பார்க்கல. நானும்தான்."

"வேற யாருக்குத் தெரியும்?"

அந்தக் கேள்விதான் அவளை உலுக்கிப் போட்டது. "யாருக்கும் தெரியாது" என்றாள்.

தலைவர் அவன் பெயரை அழைத்தார். அவன் மேடை ஏறினான்.

தங்கை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பழைய படம் கலங்கல்; அதை மட்டும் காட்டினால் அந்தக் கூட்டத்தில் கண்டுபிடிக்கச் சல்லடையாலும் முடியாது. அவன் மறைத்துவிட்டால் அவள் எழுந்து நிற்க வேண்டும். ஊரார் முன்னால், பெற்றவள் பக்கத்திலிருந்து எழுந்து, கூடப் பிறந்தவனைப் பொய்யன் என்று சொல்ல வேண்டும். அந்த வீட்டில் அதுவரை யாருக்கும் அப்படி ஒரு வேலை வாய்த்ததில்லை. எழாமல் இருந்தாலோ, பொய்யில் அவளுக்கும் பங்கு.

அவன் வைரஸைப் பற்றிப் பேசினான். கிரிஸ்பர் காவலைப் பற்றிப் பேசினான். குரல் பிசிறவில்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. நிக்கல் மணிகளுக்கு வந்தான். திரையில் வளையம் தோன்றியது. பின்வரிசையில் யாரோ "அடேயப்பா" என்றார்கள். அம்மா பெருமையோடு மகள் தொடையில் தட்டினாள். தங்கை எழுவதற்காக முன் இருக்கையின் முதுகைப் பிடித்தாள்.

"இந்த வளையத்தை நாங்க தேடின புரதம்னு சொல்றதுக்குத்தான் இங்க வந்தேன்" என்றான் அண்ணன். "அது இல்ல. வளர்த்த பாக்டீரியாவோட சொந்தப் புரதம். காலையில வந்த படத்துல என் தங்கச்சி பார்த்துச் சொன்னா. ஒப்பிட்டுப் பார்க்காம விட்டது என் தப்பு. தேடினது இன்னும் கிடைக்கல."

தலைவர் மேசையில் பேனாவைச் சாய்த்து வைத்தார்.

சல்லடை தொண்டையைச் செருமினார். "இந்தப் புரத ஆசாமி என் லேபுக்கும் வந்தான்பா. ஒரு வருஷம் மாப்பிள்ளை மாதிரி உபசரிச்சேன்."

ஒருவர் இருவர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "வெறுங்கையோட வந்திருக்கீங்க" என்று மட்டும் சொன்னார்.

அம்மா மகளிடம் குனிந்தாள். "என்னடி சொல்றான்? தோத்துட்டானா?"

"ஆமாம்மா."

அம்மா மேடையைப் பார்த்தாள். "நிமிர்ந்துதானே நிக்கறான்" என்றாள்.

அடுத்த மாதம் தலைவர் பெரிய அறையை வேறொருவருக்குக் கொடுத்தார். அண்ணனுக்கும் தங்கைக்கும் மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அறையும் குறைந்த காலத்துக்கு ஒரு நீட்டிப்பும் கிடைத்தன. இப்போது அவன் "பார்த்தாச்சு" என்றால் அவள் "எதோட?" என்று கேட்கிறாள். அவன் முறைத்துக்கொண்டே பதில் சொல்கிறான். புரதம் இன்னும் படிகமாகவில்லை.

தங்கை கூட்டத்தின் நடுவே எழுந்து நின்று அண்ணனைக் காட்டிக்கொடுத்தாள் என்று ஒரு பேச்சு இன்னும் சுற்றுகிறது. அவள் எழுந்திருக்கவே இல்லை.