பை ஏழும் இருந்தது

மிருகக்காட்சிசாலைக்கு அத்தை வருவது இது நான்காவது முறை. இதுவரை அங்கே அவள் பார்த்த ஒரே மிருகம், வாசல் பெஞ்சுக்கு அடியில் தூங்கும் பூனைதான். உள்ளே நுழைந்ததுமே, "அக்கா, நீ இங்க உக்காந்துக்கோ, இத்தனை பையத் தூக்கிட்டு யாரு அலையறது?" என்பான் தம்பி. அவளும் உட்கார்ந்துவிடுவாள். ஆறு நாள் தபால் நிலையத்தில் ஊரார் பார்சலைக் காப்பவளுக்கு ஏழாம் நாள் வீட்டார் பைகள். நீயும் பார்க்கிறாயா என்று ஒரு வாய்ச்சொல்லுக்குக்கூட யாரும் கேட்டதில்லை.

இந்தத் தடவை தம்பியின் மச்சான் குடும்பமும் தனிக் காரில் வந்தது. தம்பி காரில் வரும்போது அவனுடைய இளைய மகன் சின்னவன் அவள் மடியில் இருந்தபடி, "அத்தை, ஒட்டகச்சிவிங்கிக்கு நாக்கு கருப்பாமே, நிஜமாவா?" என்றான். அவளுக்குத் தெரியவில்லை. நாற்பத்தாறு வயதில் இதுகூடத் தெரியாதா என்று வெட்கமாகப் போய்விட்டது. "இன்னைக்குப் பாத்துடலாம்டா," என்றாள்.

அப்படியும் பெஞ்சுதான் கிடைத்தது. நாலு மணிக்கு எல்லோரும் திரும்பி வந்தார்கள். சின்னவன் தம்பியின் தோளில் தூங்கியிருந்தான். ஒட்டகச்சிவிங்கி கடைசிக் கோடியில் இருக்கிறதாம், பிள்ளைகளுக்குக் கால் வலியாம், பாதியிலேயே திரும்பிவிட்டார்களாம்.

அத்தை ஏழு பைகளையும் சுமந்துபோய் தம்பி காரில் அடுக்கினாள். "தம்பி, ஒட்டகச்சிவிங்கிய மட்டும் ஒரு பார்வை பாத்துட்டு ஓடி வந்துடறேன்," என்றாள். போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தவன் தலையாட்டினான்.

அவள் ஓடத்தான் செய்தாள். மூச்சு வாங்க வேலியருகே நின்றபோது அந்த நெட்டை மிருகம் குனிந்து, நாக்கை நீட்டி, ஒரு கிளையை வளைத்து இழுத்தது. கருப்பேதான்! அத்தை வாய்விட்டுச் சிரித்து, "பாத்தியா!" என்று பக்கத்தில் திரும்பினாள். யாரோ ஒரு குடும்பம் நின்றிருந்தது. அவர்கள் கொஞ்சம் நகர்ந்து நின்றுகொண்டார்கள்.

திரும்பி வந்தபோது தம்பி காரும் இல்லை, அவன் மச்சான் காரும் இல்லை. அவளுடைய போன் பைக்குள் போயிருந்தது.

"யாரம்மா தேடறீங்க?" என்றார் வாசல் காவலாளி.

"நான் யாரையும் தேடல. என்னைத்தான் தேடணும்."

"கொழந்த காணாமப் போனா மைக்ல சொல்லுவோம். உங்களுக்கு என்னன்னும்மா சொல்றது?"

அவள் பழைய பெஞ்சிலேயே போய் உட்கார்ந்தாள். மடியில் பை இல்லாமல் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சின்னவன் விழித்து, அத்தை எங்கே என்று அழுதிருப்பான், இப்போது திரும்பிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு தேவையாக இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்துக் கார் வந்தது.

"நீ மச்சான் வண்டியில ஏறிட்டேன்னு நெனச்சேன்க்கா," என்றான் தம்பி. "பை ஏழும் இருந்துச்சு. எண்ணிப் பாத்துட்டுத்தான் கெளம்பினேன்."

தம்பி மனைவி சிரித்தாள். "சின்னவன் வாந்தி எடுத்துட்டான் அண்ணி. துண்டு எந்தப் பையிலன்னு கேக்க எங்க அண்ணன் வண்டிக்குப் போன் போட்டா, நீங்க அங்கயும் இல்ல!"

"பச்சைப் பையில. சைடு ஜிப்," என்றாள் அத்தை.

துண்டை எடுத்துச் சின்னவன் வாயைத் துடைத்துவிட்டாள். அவன் அவள் மடியில் சாய்ந்து மறுபடி தூங்கிப்போனான். எங்கே போயிருந்தாய், என்ன பார்த்தாய் என்று யாராவது கேட்பார்கள் என்று வீடு வரும்வரை காத்திருந்தாள். பிறகு பைகளை ஒவ்வொன்றாக இறக்கினாள்.