முன்னிருக்கை விலை குறைவு

கணினித் திரையில் தெரிந்த இரண்டு விலைகளையும் பாப்பா மறுபடியும் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டும் பார்த்தாள். விமானத்தின் பின்பக்கம் நெருக்கியடித்து உட்காருகிற எகானமி டிக்கெட்டைவிட, முன்பக்கம் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டு போகிற பிசினஸ் கிளாஸ் டிக்கெட் விலை குறைவாக இருந்தது.

நாற்பதைத் தாண்டியவளுக்குப் பாப்பா என்று பெயரா என்று கேட்கக்கூடாது. லிஃப்ட் செய்து மாட்டித் தரும் அந்தக் கம்பெனியின் முதலாளிக்கு அவள் ஒரே மகள். பட்டறையின் பழைய ஆட்கள் சின்ன வயதில் கூப்பிட்ட பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. கணக்கு, பயண ஏற்பாடு எல்லாம் அவள் பொறுப்பு. அவள் கணவர் மேலாளர். நேரில் எல்லோரும் அவரை சார் என்பார்கள். அவர் தலை மறைந்ததும் மாப்பிள்ளை என்பார்கள்.

டிக்கெட் நெட்டைக்கு. கம்பெனியின் மூத்த ஃபிட்டர். எந்த வாசலிலும் குனிந்தே நுழைகிற உயரம். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் இவர்கள் மாட்டிய லிஃப்ட் நின்றுபோய், நோயாளிகளைப் படியில் தூக்கிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார்கள். அந்த மாதிரி மிஷினில் கை வைக்க அவரை விட்டால் ஆளில்லை. ஆனால் சில மாதம் முன்பு வேலையில் ஏணி சரிந்து விழுந்து, அவருடைய வலது முழங்காலில் தகடு வைத்திருந்தார்கள். நெடுநேரம் காலை மடக்கி உட்காரக் கூடாது, ரத்தம் கட்டினால் காலுக்கே ஆபத்து என்று டாக்டர் அழுத்திச் சொல்லியிருந்தார். பயணமோ ஏறக்குறைய அரைநாள். எகானமியில் அந்தக் காலை வைக்க இடமே கிடையாது. நல்ல காலம் பிறந்தது என்று பாப்பா நினைத்தாள்.

இருந்தாலும் சந்தேகம். வழக்கமாக டிக்கெட் எடுத்துத் தரும் பெண்ணுக்கு ஃபோன் போட்டாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு விளக்கினாள். இது பள்ளி விடுமுறைக் காலம். குடும்பம் குடும்பமாகக் கிளம்பி எகானமியை நிரப்பிவிட்டார்கள். அங்கே ஒரே மாதிரி சீட்டுக்குப் பல விலை உண்டு; மலிவானவை முதலில் தீர்ந்துபோகும், கடைசியில் வருகிறவர் தலையில் உச்ச விலை விடியும். நெட்டையின் கருவிப் பெட்டிக்குத் தனிக் கட்டணம் வேறு. முன்பக்கத்தில் கம்பெனிச் செலவில் போகிற அதிகாரிகள்தான் அதிகம் உட்காருவார்கள். விடுமுறையில் அவர்கள் வீட்டில் இருப்பதால் சீட்டு காலி. விமானக் கதவைச் சாத்திய பிறகு காலி சீட்டால் சல்லிக்காசு வராது. ஆகவே அதன் விலையை இறக்கியிருக்கிறார்கள். பெட்டியும் அதிலேயே அடக்கம்.

"ரெண்டுக்கும் தனித்தனிக் கணக்கு மேடம். நாற்காலி பெருசா சின்னதான்னு மட்டும் வெச்சு விலை போடறதில்ல. எத்தனை காலி, எத்தனை பேர் கேக்கறாங்கன்னும் பாப்பாங்க. எப்பவும் இப்படி அமையாது. சட்டுனு எடுத்துடுங்க."

எடுத்திருப்பாள். ஆனால் எந்தப் பதவிக்கு எந்த வகுப்பு என்று விதி போட்டவர் அவள் கணவர். அவர் தலையசைக்காமல் டிக்கெட் நகராது. அதே விமானத்தில் முன்வரிசையில் அவருக்கும் ஒரு சீட்டு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்காரர்களைச் சமாதானப்படுத்த அவரும் போகிறார்.

விஷயத்தைச் சொன்னாள். அவர் நிமிராமல் கேட்டுக்கொண்டார்.

"எகானமியே போடு."

"அது விலை கூடங்க."

"தெரியுது. பரவால்ல, போடு."

டீ வாங்குகிற செலவைக்கூட இரண்டு தரம் விசாரிக்கிற மனிதர் இவர். பாப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. துருவிக் கேட்டபோது மெல்ல வந்தது. இன்றைக்கு ஒரு ஃபிட்டரை முன்னால் உட்கார வைத்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்களாம். அதே விமானத்தில் தெரிந்தவர்கள் யாராவது வந்தால் என்ன நினைப்பார்களாம். மேலாளரும் ஃபிட்டரும் அக்கம்பக்கத்தில் சாய்ந்துகொண்டு போனால் மேலாளருக்கு என்ன மரியாதையாம்.

அவரைச் சும்மா திட்டிவிட்டுப் போவதும் நியாயமில்லை. மாமனார் கம்பெனியில் வேலை, மாமனார் வீட்டில் குடித்தனம். தன் நாற்காலி இரவல் நாற்காலி என்று எவனாவது சொல்லிவிடுவானோ என்கிற உறுத்தல் அவருக்குள் எப்போதும் உண்டு. அதனாலேயே வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு பலகை, சாப்பாட்டு அறையில் ஒரு பலகை, லிஃப்ட் வாசலில் ஒரு பலகை: அலுவலர்களுக்கு மட்டும். தன் உயரத்தில் நம்பிக்கை இல்லாதவர்களுக்குத்தான் மற்றவர்களைக் குனிய வைக்கத் தோன்றும்.

அந்த நேரம் பார்த்துப் படிக்கட்டுப் பக்கமிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தது. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும் 'டொக்'. பாப்பா எழுந்து வெளியே போனாள்.

நெட்டை ஏறி வந்துகொண்டிருந்தார். இடதுகாலை மேல்படியில் வைத்து, கைப்பிடியை இறுக்கி, மடங்காத வலதுகாலை இழுத்துப் பக்கத்தில் வைப்பார். மூச்சு வாங்குவார். பிறகு அடுத்த படி. மூன்றாவது மாடிக்கு இப்படி வந்து சேர்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவருக்கு எதிரிலேயே லிஃப்ட் காலியாக, உள்ளே விளக்கெரிய நின்றுகொண்டிருந்தது. அதை அங்கே மாட்டியவரே அவர்தான்.

"என்ன அண்ணே இது, லிஃப்ட்ல வரவேண்டியதுதானே?"

"அது ஆபீஸ்காரங்களுக்கு, பாப்பா. போர்டு போட்டிருக்கே."

பாப்பாவுக்குச் சுருக்கென்றது. தினமும் அந்த லிஃப்டில் ஏறி இறங்குகிறவள் அவள். அந்தப் பலகையைத் தினமும் பார்த்திருக்கிறாள்; அது யாரை வெளியே நிறுத்துகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. கணவர் மேல் வந்த கோபத்தில் பாதி தன் மேலேயே திரும்பியது. இதை இப்படியே விடக்கூடாது என்று அங்கேயே முடிவு செய்துகொண்டாள்.

நெட்டையைக் கையோடு அழைத்துவந்து கணவர் எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார வைத்தாள். அவர் தயங்கி நுனியில் உட்கார்ந்தார். நீட்டிய கால் மேஜைக்கு அடியில் போய், மேலாளரின் செருப்பைத் தொட்டது.

விவரம் தெரிந்ததும் நெட்டையே பதறினார். "எனக்கு எதுக்கு பாப்பா அதெல்லாம். பின்னாடியே எப்படியாவது ஒடுக்கிக்கிட்டு வந்துடறேன். அங்க உக்காந்தா எனக்குக் கை காலை எங்க வெக்கறதுன்னே தெரியாது."

"காலை வெக்கத்தான் அண்ணே அந்த சீட்டே," என்றவள் கணவர் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை.

"நீங்க சொல்றபடியே பின்னாடி போட்டுடறேன். ஆனா காரணத்தை நீங்களே இவர்கிட்ட சொல்லிடுங்க. விலை அதிகம்னு சொல்ல முடியாது, அதுதான் கம்மி. இடம் இல்லன்னும் சொல்ல முடியாது, காலியா இருக்கு. வேற என்னன்னு வாய் திறந்து சொல்லுங்க. சொன்னதும் போட்டுடறேன்."

அவர் வாயைத் திறந்தார். மனைவியிடம் சொல்ல முடிந்த காரணத்தை நெட்டையின் முகத்துக்கு நேரே சொல்ல முடியவில்லை. மேஜைக்கு அடியில் அந்தக் கால் மடங்காமல் அப்படியே கிடந்தது. பாப்பா காத்திருந்தாள். எத்தனை நேரமானாலும் காத்திருப்பாள் என்று அவருக்குத் தெரியும்.

"முன்னாடியே போடு," என்றார் கடைசியில்.

"உங்க பக்கத்து சீட்டுதான் காலி."

"போடுன்னுதானே சொல்றேன்."

பாப்பா உடனே போட்டுவிட்டாள். விலை இன்னும் ஏறியிருக்கவில்லை.

நெட்டை எழுந்து பழக்கத்தில் படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். கணவர் பின்னாலேயே வந்து அவர் தோளைத் தொட்டு நிறுத்தினார். லிஃப்ட் வாசலில் இருந்த பலகையைப் பார்த்தார். பிறகு, "ஸ்க்ரூ டிரைவர் இருக்கா அண்ணே?" என்றார். அவர் யாரையும் அண்ணே என்று கூப்பிட்டு அந்தக் கட்டிடத்தில் யாரும் கேட்டதில்லை.

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார் நெட்டை. பழக்கமில்லாத கை, திருகாணி இரண்டு முறை வழுக்கியது. நெட்டை உதவ வந்தபோது, வேண்டாம், மாட்டச் சொன்னவன் நானே கழற்றுகிறேன் என்றுவிட்டார். பலகை கையோடு வந்தது.

லிஃப்டுக்குள் முதல் தடவையாக அவரும் நெட்டையும் சேர்ந்து ஏறினார்கள். பாப்பாவும் ஏறிக்கொண்டாள். நெட்டை உள்சுவரைத் தடவிப் பார்த்தார்.

"மாட்டின அன்னைக்கு மணல் மூட்டையை ஏத்தி ஓட்டிப் பாத்தோம் சார். நான் ஏறிப் போறது இன்னைக்குத்தான்."

கணவர் தலை குனிந்தார். லிஃப்ட் இறங்கத் தொடங்கிய பிறகு, கையிலிருந்த பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"காலி சீட்டை நிரப்பணும்னு விமானக்காரன் விலையைக் குறைக்கிறான். அது காலியாவே இருக்கணும்னு நான் அதிகமாக் காசு குடுக்கப் பாத்தேன். அடுத்த மனுஷனைக் கீழ வெக்கறதுக்காகச் செலவு பண்ணித்தான் நம்ம மரியாதையைக் காப்பாத்திக்கணும்னா, பாப்பா, அப்படி ஒரு மரியாதை நமக்கு இருக்கவே இல்லன்னுதான் அர்த்தம்."