மாமனாரின் டார்ச்

மாமனார் கேட்டது ஒன்றே ஒன்றுதான். டார்ச்சின் சுவிட்ச் சில சமயம் பிடிப்பதில்லை, கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள் மாப்பிள்ளை என்றார். ஐந்து நிமிட வேலை. ஆனால் நம் மாப்பிள்ளைக்குக் கை சும்மா இருக்காது. வீட்டில் முப்பது டார்ச் வைத்துக்கொண்டு, பிரிப்பதும் மாட்டுவதுமே பொழுதுபோக்காக இருக்கிற ஆசாமி. முன்பக்கத்தையும் கழற்றினான். இடுக்கி வழுக்கி, எல்.இ.டி.யின் மேலிருந்த சின்னக் குமிழ் பிய்ந்து வந்துவிட்டது.

மாமனார் கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். பழைய நிறத்தோடு புது நிறம் சேர்கிறதா என்று பார்க்க, வெயிலில் தெரிவதுபோலவே நிறம் காட்டும் டார்ச்சாகத் தேடிப் பிடித்து வாங்கியிருந்தார். அது அவனுக்கும் தெரியும். தெரிந்தும், டப்பாவில் கிடந்த வேறொரு எல்.இ.டி.யை வைத்துப் பற்றவைத்தான். வெளிச்சம் இரண்டு மடங்கு. சிவப்பை மட்டும் ஒழுங்காகக் காட்டாது. "வெளிச்சத்தைக் கூட்டிட்டேன் மாமா" என்று கொஞ்சமும் கூசாமல் நீட்டினான்.

அடுத்த வாரமே, மாமனார் கதவுக்குப் பெயின்ட் அடித்து அனுப்பிய ஒரு சிவப்புக் கார் பட்டறைக்குத் திரும்பி வந்தது. வெயிலில் கதவு ஒரு நிறம், வண்டி ஒரு நிறம். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. டார்ச்சின் மேல் மாமனாருக்குச் சந்தேகமே வரவில்லை, மாப்பிள்ளை கைபட்டதாயிற்றே. கண்ணுக்கு வயதாகிவிட்டது என்றார்.

மனைவி இதைச் சொன்னபோது அவன் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான், வெட்கம் விடவில்லை. சரியான எல்.இ.டி.யை வரவழைத்து, இன்னொரு தடவை சுவிட்சைப் பார்க்கிறேன் என்று டார்ச்சை வாங்கி, சத்தமில்லாமல் மாற்றிக் கொடுத்தான். பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு. மாமனார் அதே கதவை டார்ச் அடித்துப் பார்த்தார். நேற்றுவரை ஒன்றாக இருந்த சிவப்புகள் இன்று தனித்தனியாகத் தெரிந்தன. ஆள் பயந்தே போய்விட்டார். நாளுக்கொன்று காட்டுகிற கண்ணை நம்பி நிறம் கலக்க முடியாது, இனி உப்புத்தாள் தேய்க்கிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். வேலை பழக வந்தவர்கள் செய்கிற வேலை அது.

விஷயம் தெரிந்து அவன் பட்டறைக்கு ஓடியபோது அவர் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. லைட்டைக் கெடுத்தது நான். திருட்டுத்தனமா திருப்பி மாத்துனதும் நான்தான்."

திட்டுவார் என்று காத்திருந்தான். திட்டினால் நன்றாயிருக்கும் என்றிருந்தது.

"அப்போ கண்ணுல ஒண்ணும் இல்லையே?"

இல்லை என்றதும் அவர் முகம் அப்படி மலர்ந்தது. அதைத்தான் அவனால் பார்க்க முடியவில்லை.

முதலாளி வந்ததும், கோளாறு டார்ச்சில்தான், கண்ணில் இல்லை என்று மாமனார் விளக்கினார். யாரிடம் ரிப்பேருக்குக் கொடுத்தீர்கள் என்று முதலாளி கேட்டார்.

"ஏதோ ஒரு கடையில கொடுத்தேன். நம்ம மாப்பிள்ளைதான் கண்டுபிடிச்சுச் சரி பண்ணார்."

முதலாளி பாராட்டிக் கை நீட்டினார். அவன் குலுக்கினான். மாமனார் அந்தப் பக்கமே பார்க்காமல், நிறம் கலக்கும் கிண்ணத்தைத் தேடி உள்ளே போனார்.