கவுன் போட்ட யானை

அந்த யானைக்கு ஐந்து கால். ஐந்தாவது கால் இல்லை, வால்தான் என்று வாதாடும் வாடிக்கையாளர்களும் உண்டு. ஒரு காது முறம் மாதிரி, இன்னொன்று பொத்தான் அளவு. நான் தைக்கும் ஒவ்வொரு குழந்தை உடுப்பின் கழுத்துப் பட்டியிலும் கவுன் போட்ட அந்த யானை நிற்கும். அதன் கீழே கடையின் பெயர், 'குண்டூசி'.

குண்டூசி என் மகள். தையல் மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து காந்தத்தை வைத்து ஊசி பொறுக்குவாள், அதனால் வந்த பட்டப்பெயர். ஆறு வயதில் காய்ச்சல் வந்தது. ஐந்தே நாளில் போய்விட்டாள். மூன்று நாள் கழித்து, அவள் பள்ளிப் பையில் இருந்ததாகச் சொல்லி, என் தம்பி ஒரு தாளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். அதில்தான் அந்த யானை இருந்தது. அன்றைக்குத்தான் நான் மறுபடி சாப்பிட்டேன்.

ஏழு வருடமாக இணையத்திலும் விற்கிறேன். கடைப் பக்கத்தின் முதல் வரியே 'எங்கள் மகள் வரைந்தது' என்பதுதான். போன மாதம் ஒரு வாடிக்கையாளர் எனக்கொரு போட்டோ அனுப்பினார். பெரிய கம்பெனி ஒன்றின் குழந்தை உடுப்பில் என் யானை. ஐந்து கால், பொத்தான் காது, எல்லாம் அச்சு அசல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த விற்பனைத் தளத்தில் நானே உட்கார்ந்து புகார் எழுதினேன். நான்கு நாளில் பதில் வந்தது. படம் அவர்களுடைய ஓவியர் வரைந்ததாம், நான்தான் திருடியாம். அவர்கள் புகாரின் பேரில் தளத்துக்காரர்கள் என் கடைப் பக்கத்தை முடக்கிவிட்டார்கள். திருடியவன் கடை திறந்திருந்தது, பறிகொடுத்தவள் கடைக்குப் பூட்டு.

ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் ஒரு வக்கீலம்மா இருந்தார். நாற்காலியில் இருந்த ஃபைல்களைத் தரைக்கு மாற்றிவிட்டுத்தான் ஆளை உட்காரச் சொல்வார். கடைப் பெயரைப் பதிவு செய்யாததற்கு ஒரு திட்டு வாங்கினேன். அப்புறம் அவர் சொன்னதுதான் முக்கியம். படத்துக்குப் பதிவே வேண்டாமாம். வரைந்த அந்த நொடியிலேயே அது வரைந்தவருடையது, அவருக்குப் பின்னால் வாரிசுக்கு. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. என் மகளுக்கென்று உலகத்தில் ஒரு சொத்து இருப்பதாக முதல் தடவையாக ஒருவர் சொன்னார்.

ஆனால் நிரூபிக்க வேண்டும். வரைந்ததை யாரும் பார்க்கவில்லை. அந்தத் தாளை முதலில் எடுத்தது தம்பி. இன்ன நாளில், இன்ன பையிலிருந்து எடுத்தேன் என்று அவன் சத்தியம் செய்து ஒரு பக்கத்தில் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார் வக்கீலம்மா.

தம்பிக்கு லேத் பட்டறையில் வேலை. ஒரு கோடு மயிரிழை விலகினாலும் அவனுக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்டவன் இந்த ஒரு பக்கத்துக்கு இழுத்தடித்தான். ஒரு நாள் ஷிப்ட் மாறிவிட்டது, மறுநாள் அடையாள அட்டையைக் காணோம், அதற்கடுத்த நாள் வயிற்றுவலி. மருமகளுக்காக ஒரு கையெழுத்துப் போட உனக்கு வலிக்கிறதா என்று கேட்டு, கிட்டத்தட்ட சட்டையைப் பிடித்துத்தான் மாடிக்கு இழுத்துப் போனேன்.

மூன்று தடவை படித்தான். பேனாவை மூடி வைத்தான்.

"பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேன், அக்கா. அது பைல இல்ல. நான்தான் வரைஞ்சேன்."

கம்பெனிக்காரன் பணம் கொடுத்து இவனைப் பிடித்துவிட்டான் என்றுதான் எனக்குத் தோன்றியது. அதை வாய்விட்டும் சொன்னேன், இன்னும் மோசமாகவும் சொன்னேன். அவன் வக்கீலம்மாவின் மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை இழுத்து, பேனாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டான். முதலில் பெரிய காது, அப்புறம் பொத்தான் காது. நான்கு கால் போட்டு முடித்துவிட்டு ஐந்தாவதையும் போட்டான்.

"மூணு நாளா நீ ஒரு வாய் சாப்பிடல. எதாவது வரைஞ்சு வெச்சிருப்பா, தேடு தேடுன்னு சொல்லிக்கிட்டே இருந்த. தேடினேன். ஒரு கணக்கு நோட்டு மட்டும்தான் இருந்துச்சு. அவ வரையவே மாட்டாளே, அக்கா. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். கிரேயானைக் கையில் கொடுத்தால் காகிதத்தை உரித்துவிட்டு உருட்டி விளையாடுவாள். இதை நான் எப்போது மறந்தேன் என்று தெரியவில்லை. கலர் பென்சிலைப் பிடித்தபடியே தூங்குவாள் என்று எத்தனை வாடிக்கையாளர்களிடம் சொல்லியிருக்கிறேன். ஏழு வருடமாக யாரோ ஒரு பிள்ளைக்கு அம்மாவாக இருந்திருக்கிறேன்.

வக்கீலம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, சட்டப்படி இது இன்னும் நல்லது என்றார். வரைந்தவர் உயிரோடு இருக்கிறார், யார் முன்னாலும் வரைந்து காட்டுவார், உரிமையை அக்காவுக்கு எழுதித் தரலாம். அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் தொழில் அது.

பழைய புகாரைத் திரும்பப் பெற்று, வரைந்தவர் என்ற கட்டத்தில் தம்பியின் பெயரைப் போட்டுப் புதுப் புகார் கொடுத்தோம். அந்தக் கம்பெனியின் ஓவியர் கடைசிவரை முன்னால் வரவே இல்லை. பத்தே நாளில் அவர்களுடைய உடுப்புகளை எடுத்துவிட்டார்கள், என் கடைப் பக்கம் திரும்பி வந்தது. செய்தியைச் சொன்னதும் தம்பி போனிலேயே விம்மினான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பேசத்தான் முடியவில்லை, வைத்துவிட்டேன்.

புகாரும் கடைப் பக்கமும் ஒரே பேச்சைப் பேச வேண்டும், முதல் வரியை மாற்றிவிடுங்கள் என்று வக்கீலம்மா சொல்லியிருந்தார். அன்று சாயங்காலமே அதை அழித்தேன். அழித்த பிறகுதான் அந்தக் கணக்கு நோட்டு ஞாபகம் வந்தது. பக்கம் பக்கமாக என் மகளே தன் கையால் எழுதியது. படம்தான் இருக்கிறதே என்று, பையோடு சேர்த்து அதை அவள் போன அந்த மாதமே பழைய பேப்பர்காரரிடம் நான்தான் போட்டேன்.