மோட்டார் இல்லாத லென்ஸும் செல்லபாயின் கண்களும்

கேமராவைக் கண்டால் செல்லபாயின் கண்கள் மூடிக்கொள்ளும். விரல் பொத்தானைத் தொடவே வேண்டாம். எடுக்கிறவர் மனத்துக்குள் ‘எடுப்போமா’ என்று நினைத்தாலே போதும். கல்யாண ஆல்பத்தில் கண்ணை மூடிக்கொண்டுதான் தாலி வாங்கியிருக்கிறாள். ரேஷன் கார்டில் நிம்மதியாகத் தூங்குகிறாள். வாக்குச்சாவடியில் அதிகாரி அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, “அம்மா, கொஞ்சம் கண்ணை மூடுங்க, ஒத்துப்பார்க்கணும்” என்று கேட்டதாக அவள் கணவர் அருமைநாயகம் அவர்கள் குடியிருக்கும் கரமனை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதெல்லாம் கூடப் போகட்டும். சபையின் பொன்விழா மலரில், பெண்கள் ஐக்கியத்தின் பொருளாளர் என்று அவள் படம் வந்ததே, அதுதான் ஆறாத புண். மலர் வெளியான மறுநாளே களியக்காவிளையிலிருந்து ஒன்றுவிட்ட சித்தப்பா குடும்பம் வேன் பிடித்து, மலர்வளையத்தோடு வந்து இறங்கிவிட்டது. கதவைத் திறந்தது செல்லபாய். தேநீர் போட்டுக் கொடுத்ததும் அவள்தான். சித்தப்பா அழுகையை நிறுத்த முடியாமல் இரண்டு டம்ளர் குடித்தார்.

இப்போது வைரவிழா. செல்லபாய் ஐக்கியத்தின் தலைவி; மலரில் முழுப்பக்கப் படம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் படத்தை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும்.

“இந்தத் தடவையும் கண்ண மூடிக் கெடந்தேன்னு வையுங்க, படமும் வேண்டாம், தலைவியும் வேண்டாம். எனக்க பேரையே எடுத்திரச் சொல்லுவேன்” என்றாள் செல்லபாய். சொன்ன குரலில் வேடிக்கை இல்லை. பத்து வருடமாக அந்தப் பழைய மலரை அலமாரியில் குப்புறத்தான் வைத்திருக்கிறாள்.

அருமைநாயகமோ அதற்குள் கமிட்டியில் எழுந்து நின்று, “எனக்க வீட்டுக்காரிக்க படத்த நானே எடுப்பேன்” என்று மார்தட்டிவிட்டார். மகன் அஜீஷ் துபாயிலிருந்து ஒரு டிஜிட்டல் கேமரா கொண்டுவந்து கொடுத்திருந்தான்; புதிதாகப் படம் எடுக்கப் பழகுகிறவர்களுக்கான கேமரா. அதோடு வந்த குட்டி லென்ஸ் நல்ல லென்ஸ்தான். ஆனால் பக்கத்தில் போனால்தான் முகம் பெரிதாகத் தெரியும். பக்கத்தில் போனால் கண் மூடும். ஆக, தூரத்திலிருந்து எடுக்க ஒரு நீள லென்ஸ் வேண்டும் என்று கண்டுபிடித்தார் அருமைநாயகம். அன்றைக்கு அவர் நடந்த நடையைப் பார்த்தவர்கள் புவியீர்ப்பையே அவர்தான் கண்டுபிடித்தார் என்று நினைத்திருப்பார்கள்.

ஓவர்பிரிட்ஜ் பக்கத்துக் கேமராக் கடையில் கேமரா கம்பெனியின் சொந்த லென்ஸ் விலையைக் கேட்டார். அந்த விலைக்குச் சின்னதாக ஒரு யானை வாங்கலாம், பாகனோடு. கடைக்கார மலையாளி இளைஞன் ஸ்ரீகுமார் அவர் முகம் போன போக்கைப் பார்த்து வேறொரு பெட்டியை எடுத்தான்.

“சாரே, இது தேர்டு பார்ட்டி. வேற கம்பெனி செய்யுந்நது. சாரின்றே கேமராவில் நல்லா சேரும். இதில் மோட்டோர் உள்ளதும் உண்டு, இல்லாத்ததும் உண்டு. சாரின்றே கேமராவுக்கு…”

“மோட்டாரா?” அருமைநாயகம் கையை உயர்த்தினார். குடிநீர் பம்ப் ஹவுசில் முடி நரைக்கும்வரை வேலை பார்த்தவர் அவர். உலகத்தில் உள்ள சகல தீமைக்கும் மோட்டார் காயில் கருகுவதே தொடக்கம் என்பது அவருடைய தனிச் சுவிசேஷம். “தம்பி, மோட்டார்னு ஒண்ணு இருந்தா அது கருகும். கருகினா ஊரே தாகத்துல சாவும். மோட்டார் இல்லாதத எடு.”

“அல்ல சாரே, மோட்டோர் இல்லெங்கில் ஃபோகஸ்…”

“நான் பாக்காத மோட்டாரா? எடு கேட்டியா!”

வீட்டில் செல்லபாய் அந்தக் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது என்ன சாதனம்?”

“தேர்டு பார்ட்டி லென்ஸ் பிள்ளே.”

“ஸ்கூட்டருக்கு இன்சூரன்ஸ் எடுப்பாங்களே, அதா? அப்பம் இடிச்சா எதிராளிக்குத்தான் லாபம், நமக்கு ஒண்ணும் கெடையாது.”

இடித்தது. பொத்தானை அழுத்தினால் கேமரா தானாகத் தெளிவு பிடிக்கும் என்று நம்பியிருந்தார் அருமைநாயகம். அந்தக் கேமராவின் வயிற்றுக்குள் லென்ஸைத் திருகும் மோட்டார் கிடையாது. லென்ஸிலாவது இருக்க வேண்டும். அதைத்தான் ஸ்ரீகுமார் பாவம் சொல்ல வந்தான். இனிக் கையால் வளையத்தைத் திருகித்தான் தெளிவு பிடிக்க வேண்டும். திருகி முடிப்பதற்குள் செல்லபாய் துணி காயப்போட்டு, வாழைக்குத் தண்ணீர் விட்டு, அடுக்களைக்குப் போய்விடுவாள். ஒரு நாளில் அந்த முற்றத்துக்குள்ளேயே நாகர்கோவில் வரைக்கும் நடக்கிறவள் அவள். வெள்ளிக்கிழமை வரை எடுத்த படங்களில் எல்லாம் சேலை கட்டிய மேகம் ஒன்று குறுக்கே போய்க்கொண்டிருந்தது.

ஆனால் செல்லபாய் அசையாமல் நிற்கும் இடம் ஒன்று உண்டு. மீன்காரி முன்னால். மீன் வாங்கும்போது அவள் இமைப்பதும் இல்லை. இமைக்கும் நேரத்தில் பழைய சாளைமீன் ஒன்று சட்டிக்குள் விழுந்துவிடும் என்பது அவள் கட்சி. சனிக்கிழமை காலை விழிஞ்ஞத்து மீன்காரி திரேசியா தலையில் அலுமினியச் சருவத்தோடு கேட்டைத் திறந்தபோது, அருமைநாயகம் எதிர்வீட்டு நேசமணியின் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தார்.

“வோய், எனக்க மாடியில கெடந்து எதிர்வீட்டுப் பொம்பளையப் படம் புடிச்சா, போலீஸ் என்னையல்லா கொண்டுபோவும்?” என்றார் நேசமணி.

“அது எனக்க பொண்டாட்டி வோய்!”

“அத நான் போலீசுக்கிட்ட சொன்னா நம்புவானா? சொந்தப் பெண்டாட்டிய எவன் இப்பிடி ஒளிஞ்சு பாக்கான்?”

அருமைநாயகம் கண்ணைக் கேமராவில் ஒட்டிக்கொண்டார். பம்ப் ஹவுசில் பெரிய வால்வைத் திறப்பதுபோல வளையத்தைத் திருகினார். முதலில் தாராளமாக. பிறகு மெல்ல. கடைசிக் கால்சுற்றில் மூச்சை அடக்கிக்கொண்டு, மயிரிழை மயிரிழையாக. மேகம் கலைந்தது. நைட்டிக் கரை வந்தது. காதுக்கம்மல் வந்தது. வால்வு திறந்து ஊருக்குத் தண்ணீர் போகிற சத்தம் அவர் காதுக்குள் கேட்டது.

ஒரே ஒரு குறை. செல்லபாய் குனிந்து, நெய்மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெரிந்தது கொண்டை. உலகத்திலேயே மிகத் தெளிவான கொண்டை.

“நிமிரு பிள்ளே” என்று முணுமுணுத்தார். “நிமிந்து பாரு, செல்லா.”

“சத்தமாக் கூப்பிடும் வோய்.”

“கூப்பிட்டா கேமரான்னு தெரிஞ்சிரும். கண்ணு மூடிரும்.”

கீழே பேரம் முற்றியது. “இது இன்னைக்கு மீனா? இது எனக்கு மூத்ததாக்கும்” என்றாள் செல்லபாய். திரேசியா நியாயத்துக்கு வானத்தைச் சாட்சிக்கு அழைக்க நினைத்து, இரண்டு கையையும் விரித்து மேலே பார்த்தாள். வானத்துக்குக் கொஞ்சம் கீழே, தொட்டியின் ஓரத்தில், அவளையே குறிபார்த்துக் கறுப்பாக ஒரு குழாய்.

“அய்யோ அம்மச்சீ! தோக்கு! டெரசில் ஒருத்தன் தோக்கும் கொண்டு கெடக்குந்நு!”

துப்பாக்கி என்றதும் செல்லபாய் சட்டென்று நிமிர்ந்தாள். மேலே பார்த்தாள். கேமரா என்று அறியாத அந்தக் கண்கள் இரண்டும், பிறந்த நாளிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே மூச்சில் திறந்ததுபோல, அகல விரிந்தன. அருமைநாயகத்தின் விரல் இறங்கியது.

அடுத்த நொடியே அவள் ஆளை அடையாளம் கண்டுகொண்டாள். “அஜீஷுக்க அப்பா! அங்க என்ன செய்யுதிய? கீழ வாருங்க, காட்டித்தாறேன்!” அந்தச் சத்தத்தில் கரமனை ஆறு கொஞ்சநேரம் கிழக்கே பார்த்து ஓடியதாக நேசமணி சொன்னார். சந்தடியில் நேசமணி வீட்டுப் பூனை நெய்மீனோடு மதில் தாண்டிவிட்டது.

மத்தியானம் வெறும் புளிக்கறிதான். செல்லபாய் அதைப் பரிமாறினாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கேமராவை வாங்கி, முதுகுப்பக்கத்துச் சின்னத் திரையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“எனக்குக் கண்ணு இம்புட்டுப் பெரிசா?”

“எனக்குப் பண்டே தெரியும்” என்றார் அருமைநாயகம்.

“நைட்டி போட்டு நிக்கேன்.”

“கழுத்துக்குக் கீழ வெட்டிரலாம்.”

“பூனையையும் வெட்டணும். அதுக்க வாயில எனக்க மீனு கெடக்கு.”

வைரவிழா அன்று மலரை வெளியிட்ட போதகர் அந்தப் பக்கத்தைச் சபை முழுக்க உயர்த்திக் காட்டினார். “நம்ம செல்லபாயம்மாளின் முகத்தைப் பாருங்கள். பரலோகமே திறந்து கண்ணெதிரே தெரிவதுபோல, மேல்நோக்கிய அந்தப் பார்வை! எப்பேர்ப்பட்ட விசுவாசம்!” இருமல் வந்து வெளியே போன நேசமணி, ஆசீர்வாதம் முடிந்தும் திரும்பவில்லை. செல்லபாய் தலையைத் தாழ்த்தி, மிகுந்த பயபக்தியோடு, காலால் கணவர் காலை மிதித்தாள்.

பிறகு பெண்கள் ஐக்கியம் முழுவதும் ஆலயப் படியில் குழுப்படத்துக்கு நின்றது. ஸ்டூடியோக்காரர் கேமராவோடு பக்கத்தில் வந்ததும், செல்லபாயின் இமைகள் தாமாகவே கீழே இறங்கத் தொடங்கின. அவள் கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள்.

“ஒரு நிமிசம் நில்லும்” என்றவள், கூட்டத்துக்கு மேலே எட்டிக் கணவரைத் தேடினாள். “ஏங்க! ஓடிப்போயி உங்க தோக்க எடுத்துட்டு மணிக்கூண்டுல ஏறுங்க!”